நீக்கினால் முழுதாக நீங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் கணினிப் பக்கத்தில், சிஸ்டம் மெதுவாக ஓடினால் வேண்டாத சாஃப்ட்வேர்களை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், சரியாகிவிடும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. குறிப்பு தப்பில்லை, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பட்டனை அழுத்தி, வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று திரையில் வந்த பிறகும் அந்த சாஃப்ட்வேரில் எவ்வளவு உள்ளேயே தங்கிவிடுகிறது, தங்கி என்ன செய்கிறது, அதைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பதை எழுதினால்தான் அந்தக் குறிப்பு முழுமையாகும். நான் மன்னார்குடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கோட்டூர், திருத்துறைப்பூண்டி, வலங்கைமான் பக்கமிருந்தெல்லாம் பைக்கில் சிபியுவைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வருகிற கோளாறுகளில் ஒரு நல்ல பங்கு இந்த மிச்சம் மீதிகளால் வருவதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் கொடுங்கள்.

முதலில் ஒரு சேவை மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பி.எம். கிசான் உதவித்தொகைக்கான இ-கேஒய்சிக்கு, அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்புக்கு, விரல் ரேகை வைக்க ஊர்க்காரர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மையத்தை நடத்தும் பெண் பழைய ரேகைக் கருவியை எடுத்துவிட்டு வேறு கம்பெனியின் புதிய கருவியை வாங்கி மாட்டியிருக்கிறார். பழையதன் சாஃப்ட்வேரையும் முறைப்படி கண்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் செய்தாயிற்று. புதிய கருவியில் விளக்கு எரிகிறது, விரலை வைத்தால் மட்டும் கருவி தயாராக இல்லை என்று பதில் வருகிறது. கருவி விற்றவர் வெப்சைட்டில் கோளாறு என்கிறார், வெப்சைட் உதவி எண்ணில் கருவியில்தான் கோளாறு என்கிறார்கள். நடவு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் மத்தியானம் வரை பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

காரணம் என்ன தெரியுமா? ஆதார் ரேகைக் கருவிகளுக்கு ஆர்டி சர்வீஸ் என்று ஒன்று கணினியில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 11100 முதல் 11120 வரையிலான போர்ட் எண்களில், அதாவது கணினிக்குள் சாஃப்ட்வேர்கள் பேசிக்கொள்ளும் வாசல் எண்களில், ஏதாவது ஒன்றில் அது காத்திருக்கும், வெப்சைட் அந்த எண்களை வரிசையாகத் தட்டிப் பார்த்து கருவியைக் கண்டுபிடிக்கும். பழைய கருவியின் சாஃப்ட்வேர் போய்விட்டதாகப் பட்டியல் சொன்னாலும் அதன் சர்வீஸ் போகவில்லை. ஒவ்வொரு முறை சிஸ்டம் போடும்போதும் தானாக எழுந்து முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, கருவி இல்லை, தயாராக இல்லை என்று அதுவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வெப்சைட்டும் முதலில் கிடைத்த அந்தப் பதிலோடு நின்றுவிட்டது. சர்வீஸை நிறுத்தி, நீக்கி, ரீஸ்டார்ட் செய்ததும் புதிய கருவி வேலை செய்தது. அந்தப் பெண் செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்திருந்தார். நீக்கிவிட்டேன் என்று சொன்ன சாஃப்ட்வேர்தான் சொன்னபடி செய்யவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேரைப் போடும்போது அது ஒரே இடத்தில் உட்காருவதில்லை. பெரும்பகுதி புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குப் போகும். அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானவை புரோகிராம்டேட்டாவுக்கும், ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள அமைப்புகள் ஆப்டேட்டாவுக்கும் போகும், இந்த இரண்டும் சாதாரணமாகக் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டவை. அப்புறம் ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் 95 காலத்திலிருந்து கணினியின் எல்லா அமைப்புகளையும் எழுதி வைக்கும் பெரிய பேரேடு அதுதான். இது போக பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், குறித்த நேரத்தில் எழுந்திருக்கும் ஷெட்யூல்டு டாஸ்க்குகள், கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்கள், ரைட் கிளிக் மெனுவில் ஒரு வரி, பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன், ஃபயர்வாலில் ஒரு அனுமதி.

இத்தனை இடத்திலிருந்தும் திரும்ப எடுக்கிற வேலையை விண்டோஸ் செய்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நாம் பார்ப்பது வெறும் பட்டியல், இதை நீக்க வேண்டுமானால் இந்த ஃபைலை ஓடவிடு என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கும், விண்டோஸ் அதைக் கூப்பிட்டு விடும், அவ்வளவுதான். கூப்பிடப்படும் அந்த அன்இன்ஸ்டாலரை எழுதியது அந்த சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியே. விண்டோஸ் இன்ஸ்டாலர் முறையில் தயாரானவற்றுக்கு மட்டும் விண்டோஸே குறிப்பு வைத்துக்கொண்டு எடுக்கும், அதுவும் இன்ஸ்டால் செய்த அன்று வைத்ததைத்தான் எடுக்கும். அதற்குப் பிறகு அந்த சாஃப்ட்வேர் தானே உருவாக்கிக்கொண்டவை, அப்டேட் என்று இறக்கிக்கொண்டவை, நடந்ததைக் குறித்து வைக்கும் லாக், தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்காது. விலகிப் போகிறவருக்காகச் செலவு செய்ய எந்தக் கம்பெனிக்கும் மனம் வருவதில்லை என்பதுதான் நான் கண்டது. இன்ஸ்டால் செய்வதை ஆயிரம் தடவை சோதித்திருப்பார்கள், அன்இன்ஸ்டாலைக் கடைசி நாளில் எழுதியிருப்பார்கள்.

மிச்சம் வைப்பது எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். கணக்கு சாஃப்ட்வேரை நீக்கும்போது நெல் மண்டிக்காரரின் பல வருடக் கணக்கும் சேர்ந்து போய்விட்டால் அவர் கதி என்ன? உங்கள் ஃபைலை விட்டுவைப்பது நல்ல காரியம். பல சாஃப்ட்வேர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் பொது ஃபைல்களும் உண்டு, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று பட்டியலில் வருடம் வருடமாக நிற்குமே, அதைப் பார்த்துவிட்டு நமக்கு எதற்கு இத்தனை என்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பியிருந்த மற்ற சாஃப்ட்வேர்கள் அதன் பிறகு திறக்காது. ஒரே கணினியில் அப்பாவுக்கு ஒன்று பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு யூசர் இருந்தால், அப்பா யூசரில் நீக்கினால் பிள்ளை யூசரின் பகுதி அப்படியே இருக்கும். இதெல்லாம் அந்த அமைப்பின் இயல்பு, புரிந்துகொள்ள முடிகிறது.

என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது வேறு. தெரிந்தே விட்டுவைப்பது. முப்பது நாள் இலவசம் என்று வரும் சாஃப்ட்வேர் பலவும், நீக்கிவிட்டு மறுபடி போட்டால் இன்னொரு முப்பது நாள் கிடைத்துவிடக் கூடாதே என்று ரெஜிஸ்ட்ரியிலோ ஏதாவது ஒரு மூலையிலோ அடையாளம் வைத்துவிட்டுத்தான் போகிறது. லைசென்ஸ் பார்க்கும் சர்வீஸ்கள், புதுப் பதிப்பை இறக்கும் அப்டேட்டர்கள் என்று இன்னும் சிலவும் இப்படித் தங்குகின்றன. கோரையைப் பிடுங்கினால் மேலே புல் போய்விடும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், அடுத்த தண்ணீருக்குத் திரும்ப வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அது மாதிரிதான் இந்த அப்டேட்டர்களும். தன் லாபத்துக்காக என் கணினியில் ஒன்றை வைக்கிறவர் அதை என்னிடம் சொல்லிவிட்டாவது வைக்க வேண்டாமா?

ஆன்டிவைரஸ் கதை தனி. வைரஸ் வந்து தன்னைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக அது ஆழத்தில் டிரைவராக உட்கார்ந்து தன்னைக் காத்துக்கொள்கிறது, அதே காவல் நாம் நீக்கப் போகும்போதும் குறுக்கே நிற்கிறது. சாதாரண அன்இன்ஸ்டால் போதாது என்று அந்தக் கம்பெனிகளே ஒத்துக்கொண்டிருக்கின்றன. மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட், ஈசெட் எல்லாமே தங்களை நீக்குவதற்கென்றே தனியாக ஒரு கருவியை வெளியிட்டிருக்கின்றன. புது லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி, அதைப் பாதி நீக்கி, மேலே இன்னொன்றைப் போட்டு, இரண்டும் மோதி, விண்டோஸின் சொந்த டிஃபென்டர் நான் விழிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அணைந்து கிடக்கும் கணினிகளை நான் நிறையப் பார்க்கிறேன். அதாவது பாதுகாப்புக்கு இரண்டு முறை காசு கொடுத்தவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கணினியில் அச்சுக்கோத்துக் கொடுக்கும் டிடிபி சென்டர்களின் தொல்லையையும் சொல்ல வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கட்சி நோட்டீஸ் என்று எல்லாம் இன்னும் பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளில்தான் ஓடுகின்றன. வானவில் ஒரு கீபோர்டு, பாமினி ஒரு கீபோர்டு, எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்குத் தமிழ்99 கீபோர்டு என்று ஒரே கணினியில் பல தமிழ் தட்டச்சு சாஃப்ட்வேர் இருக்கும். ஒன்றை நீக்கினால் அது போன பிறகும் டாஸ்க்பாரில் மொழிக் குறியை அமுக்கும்போது அதன் பெயர் வந்து நிற்கும், சில நேரம் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கீபோர்டே இருக்காது, இருந்தும் விண்டோஸும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் நடுவில் வந்துவிடும். அதே மொழியையும் கீபோர்டையும் மறுபடி சேர்த்து, பிறகு முறையாக நீக்கினால் பெரும்பாலும் போய்விடும், முயன்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கிறது, அது இன்னும் கொடுமை. சில தட்டச்சு சாஃப்ட்வேர்கள் போகும்போது தான் போட்ட ஃபான்ட்டுகளையும் வாரிக்கொண்டு போய்விடும். யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்டில் செய்த ஃபைல் என்றால், ஃபான்ட் போனதும் தமிழ் எழுத்து அத்தனையும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகவும் குறிகளாகவும் தெரியும். ஒரு ஊரின் பல வருடத்துத் திருவிழா அழைப்பிதழ், உபயதாரர் பட்டியல் எல்லாம் அப்படிக் கண்ணெதிரே குப்பையாகத் தெரிந்தபோது அந்த அச்சகக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபைல் அழியவில்லை, அதே ஃபான்ட்டைத் தேடிப் போட்டதும் வந்துவிட்டது. இருந்தாலும் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு எடுக்கக் கூடாததை எடுப்பதற்குப் பெயர் நீக்கலா? தட்டச்சு சாஃப்ட்வேரை நீக்குவதற்கு முன்னால் ஃபான்ட்டுகளைத் தனியாக ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

மெதுவாவதும் எரிச்சலாவதும் ஒரு பக்கம் இருக்கட்டும், மிச்சம் ஆபத்தாகவும் முடியும். 2015இல் லெனோவோ தன் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாஃப்ட்வேரைப் போட்டு விற்றது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அந்த சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்தாலும் அது உள்ளே பதித்திருந்த ரூட் சர்டிஃபிகேட், அதாவது எந்த வெப்சைட் உண்மையானது என்று கணினி நம்புவதற்கான சான்று, போகவில்லை. அது இருக்கும் வரை, அதன் சாவியை வைத்திருக்கும் யாரும் போலி வங்கித் தளம் ஒன்றைச் செய்து அந்த லேப்டாப்பை நம்பவைக்க முடியும், பிரவுசரில் பூட்டுச் சின்னம்கூட ஒழுங்காகத் தெரியும். பிறகு அதை எடுக்கவே தனிக் கருவி வெளியிட்டார்கள். 2019இல் ஜூம். மேக் கணினியில் ஜூமை நீக்கிய பிறகும் ஒரு சின்ன வெப் சர்வர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, கூட்டத்துக்கான லிங்க் ஒன்றைத் திறந்தால் நம்மைக் கேட்காமலே ஜூமை அது மறுபடி இன்ஸ்டால் செய்துவிடும். ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அம்பலப்படுத்திய பிறகு ஆப்பிள் கம்பெனியே அப்டேட் அனுப்பி அதை எடுத்தது. உலகம் முழுவதும் ஓடும் சாஃப்ட்வேருக்கே இந்த நிலை என்றால், ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிய, பூட்டு உடைத்த திருட்டுப் பதிப்புகளான கிராக் வெர்ஷன்களைப் பற்றி என்ன சொல்ல. என்னைச் சோதிக்காதே என்று டிஃபென்டரில் தனக்கென்று விலக்கு எழுதிக்கொண்டு, ஒரு டாஸ்க்கையும் வைத்துவிட்டுப் போகிறவை அவற்றில் நிறைய.

சரி, அப்படியானால் ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சியதைத் தேடி அழிக்கும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டுச் சுத்தம் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன, அதில் சில நூறு செத்த வரிகள் கிடப்பதால் கணினி மெதுவாகிவிடாது. மெதுவாக்குவது ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸும் டிரைவரும் ஸ்டார்ட்அப்பில் எழுபவையும்தான், இவற்றை ஒரு கிளீனர் பெரும்பாலும் தொடுவதே இல்லை. இந்த வகைக் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. மிகப் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017இல் திருடர்கள் தங்கள் புரோகிராமை நுழைத்து, சுமார் 22 லட்சம் பேர் கணினிக்கு அது போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்ய என்று இன்னொன்றைப் போட்டு, அதை எடுக்க வேறொன்றைத் தேடுவது முடியாத வேலை.

எதற்கெடுத்தாலும் ஃபார்மேட் அடித்துவிடலாம் என்று சொல்லும் என் தொழில்காரர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து தேட வேண்டிய ஒரு சர்வீஸுக்காக ஒரு வீட்டின் போட்டோக்களையும் ஒரு கடையின் கணக்கையும் பணயம் வைக்கக் கூடாது. பழைய சாஃப்ட்வேரின் சிடி தொலைந்து போயிருக்கும், மறுபடி எங்கே போய் வாங்குவார்கள்?

வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடியதைச் சொல்கிறேன். நீக்கும் முன் உங்கள் ஃபைல்களை வேறிடத்தில் எடுத்து வைத்து, தப்பாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்த சாஃப்ட்வேரின் ஐகான் இருந்தால் அதை முதலில் எக்ஸிட் செய்யுங்கள். டெஸ்க்டாப் ஐகானையோ ஃபோல்டரையோ மட்டும் அழிப்பது நீக்கல் ஆகாது, அதற்குப் பிறகு அன்இன்ஸ்டாலரும் இல்லாமல் போய் வேலை இரட்டிப்பாகும். அமைப்புகளில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்குங்கள், உங்கள் தகவலையும் அழிக்கவா என்று ஏதாவது டிக் பெட்டி வருகிறதா என்று நின்று படியுங்கள். குரோமை நீக்கும்போது அப்படி ஒன்று வரும், அதை டிக் செய்யாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டு, ஹிஸ்டரி எல்லாம் ஆப்டேட்டாவில் அப்படியே கிடக்கும். முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது இதற்குச் சமம் இல்லை, விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருப்பதால் ஷட்டவுனில் உள்பகுதி முழுதாக அணைவதில்லை, அடுத்த ரீஸ்டார்ட்டில் அழிக்கலாம் என்று குறித்து வைத்த ஃபைல்கள் அப்படியே நிற்கும். ஆன்டிவைரஸ் என்றால் அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து அதன் நீக்கும் கருவியை மட்டும் எடுங்கள். அதன் பிறகும் சந்தேகம் என்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியைத் திறந்தால், கணினி எழும்போது கூடவே எழும் அத்தனையும் ஒரே இடத்தில் தெரியும், ஃபைல் இல்லாமல் பெயர் மட்டும் நிற்பதை மஞ்சள் நிறத்தில் காட்டும். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் இப்போது பழைய சிஸ்டங்கள் நிறையக் கை மாறுகின்றன. விற்பதற்கு முன் சாஃப்ட்வேரை எல்லாம் நீக்கிவிட்டேனே என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அங்கேதான் ஃபார்மேட்டும் வேண்டும், ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு தரவைச் சுத்தம் செய் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதெல்லாம் வாசகர்கள் செய்ய வேண்டியது. ஆனால் பொறுப்பு அவர்களுடையது இல்லை என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. முழுதாக நீக்க முடியாது என்பது பொய். போனில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை கொடுத்து, நீக்கினால் அந்த அறையையே ஆண்ட்ராய்டு காலி செய்கிறது. விண்டோஸிலும் 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஸ்டோர் வழியாக வரும் ஆப்களுக்குக் கிட்டத்தட்ட இதே முறை இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸில் நீக்கு என்பது ஒன்று, அமைப்புகளோடு துடைத்து எடு என்பது வேறு என்று இரண்டு கட்டளை வைத்து நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். செய்ய நினைத்தால் செய்ய முடிகிறது. நீக்கும்போது எது போகிறது, எது தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று ஒரு திரை காட்டி என் சம்மதத்தைக் கேட்பதில் எந்தக் கம்பெனிக்கும் என்ன நஷ்டம்?

கம்பெனிகளை நாம் கட்டாயப்படுத்த முடியாது என்பார்கள். அரசு முடியும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, நாடு முழுவதும் 63,000 சங்கங்கள். எங்கள் டெல்டாவில் பயிர்க்கடனுக்கு விவசாயி முதலில் ஏறும் படி அந்தச் சங்கம்தான். அங்கேயும் சேவை மையங்களிலும் இன்று ஒரு சாஃப்ட்வேர், நாளை வேறு சாஃப்ட்வேர், இன்று ஒரு ரேகைக் கருவி, நாளை வேறு கருவி என்று மாறிக்கொண்டேதான் இருக்கும். டெண்டர் போடும்போதே ஒரு நிபந்தனை எழுதுங்கள்: இன்ஸ்டால் செய்து காட்டுவது போலவே அன்இன்ஸ்டாலும் செய்து காட்ட வேண்டும், சர்வீஸ், டிரைவர், சர்டிஃபிகேட், டாஸ்க் எதுவும் மிஞ்சவில்லை என்று சோதித்த பிறகே கடைசித் தவணைப் பணம். இதை அதிகாரிகள் கவனத்துக்குக் கொண்டுபோக உங்கள் பத்திரிகையால் முடியும் என்பதால் எழுதினேன்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
மன்னார்குடி